பார்த்தது, கேட்டது, நினைத்தது

"மாமி, பாலத்துல ஒரே டிராபிக்காம், பஸ்ஸெல்லாம் அப்படியே நிக்குதாம்" என்று நான் சொன்னால், கையில் இருக்கும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்பார்.

"நீ பாத்தியா?"

"இல்ல, ஆட்டோக்காரர் சொன்னாரு."

"அப்போ ஆட்டோக்காரர் சொன்னார்னு சொல்லு."

காலையில் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்து, மிஷின் சூடேறுவதற்குள் இந்த விசாரணை நடந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டிராபிக் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, இவர் என்ன பஸ் ஓட்டவா போகிறார் என்று நினைப்பேன். ஆனால் வாயைத் திறந்து சொன்னதில்லை. உத்திர வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைக்கிறவள், வருகிறவர்களிடம் எல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருக்க முடியாது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் தெருவில் மாமிகளுக்குக் குறைவில்லை என்றாலும், வெறுமனே 'மாமி' என்றால் அவர்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள் பெங்களூரில். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆனால் நடையில் நான்தான் அவருக்குப் பின்னால் ஓடவேண்டும். நாம் எதைச் சொன்னாலும் ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டு "சரியா?" என்று கேட்பார். ரேஷன் கார்டு நகல் இரண்டு என்றால், "ரேஷன் கார்டு, ரெண்டு காப்பி, சரியா?" என்பார். காதில் கேட்ட நம்பரைத் திருப்பிச் சொல்லாமல் ஒருத்தருக்கும் லைன் கொடுத்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்தக் காலத்து ஊர்ச் சாவு, பிறப்பு எல்லாம் இவர் காது வழியாகத்தான் போயிருக்கிறது.

ஒரு தடவை எதிர் வரிசை வீட்டு வாத்தியார் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று சேதி வந்தது. தெருவே கலங்கிப்போனது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க என் கடையில் நாலு பேர் வந்து நின்றார்கள். நானும் படத்தை ஏற்றி, பெயரை அடித்து, பிறந்த தேதிக்குக் காத்திருந்தேன். மாமி உள்ளே நுழைந்தார்.

"யார் பாத்தா?"

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஒருத்தர் இன்னொருத்தர் சொன்னதாகச் சொன்னார், அந்த இன்னொருத்தர் வாட்ஸ்அப்பில் வந்ததாகச் சொன்னார். மாமி என் கடை போனிலிருந்தே ஆஸ்பத்திரிக்கு அடித்து, வார்டுக்குப் போட்டு, நர்ஸைப் பிடித்துவிட்டார். வாத்தியார் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நாலு வருஷம் உயிரோடு இருந்தார். கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எட்டிப்பார்த்து, "என் போஸ்டர் ரெடியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அன்றிலிருந்து தெருவில் மாமி சொன்னால் சொன்னதுதான்.

ரொம்ப நல்லவர் என்று மட்டும் எழுதினால் அது பொய். பதினாறு வருஷப் பழக்கத்தில் என் கடையில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. வெயிலில் வேர்த்து வழிந்து வந்தாலும் தன் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் சொம்பை எடுத்துத் தூக்கிக் குடிப்பார். நான் லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். இதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆரம்பத்தில் வலித்தது. அப்புறம் வலித்ததை மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் தினமும் என்னிடம் வந்தது அந்த இணையதளத்துக்காக.

செய்தித்தளம் என்று பேர். கோயில், பூஜை, பண்டிகை, தர்மம், குடும்பம், கலாசாரம் என்று போடுவார்கள். கூடவே ஊர்ச் செய்தியும் அரசியலும் வரும். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் போனில் அதுதான். மாமிக்குப் போனில் படிக்கப் பிடிக்காது. "ஓரத்துல எழுத எடம் இல்லையேடி" என்பார். அதனால் அன்றன்றைக்கு நாலு பக்கம் என்னிடம் பிரிண்ட் எடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, பென்சிலைக் காதிலிருந்து உருவி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு எழுத்துப் போடுவார். எழுதினவர் நேரில் பார்த்ததாகத் தெரிந்தால் 'பா'. யாரோ சொல்லிக் கேட்டதென்றால் 'கே'. பார்க்கவும் இல்லை கேட்கவும் இல்லை, அவர்களே நினைத்துக்கொண்டது என்றால் 'நி'.

ஒரு மாதத்துத் தாள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு எனக்கு ஒருநாள் விளக்கினார். கேட்டுத்தான் ஆகவேண்டும், அவர் ஸ்டூலை விட்டு எழுந்தால்தான் அடுத்த ஆள் உட்கார முடியும்.

"கோயில் சேதி எல்லாம் பா. புறப்பாடு, திருமஞ்சனம், நடை சாத்தற நேரம், ஒண்ணும் பிசகல. மத்ததப் பாரு. காதலிச்சு ஓடிப்போன பொண்ணு கதை இந்த மாசத்துல மூணு தரம் வந்திருக்கு. ஊரும் இல்ல, பேரும் இல்ல. மூணும் ஒரே பொண்ணோ என்னமோ. 'பக்தர்கள் வேதனை'ன்னு போடறா. எந்த பக்தர்? நானும் பக்தைதான், என்னை ஒருத்தரும் கேக்கலையே. தப்புப் பண்ணினான்னு ஒருத்தனச் சொல்றா, அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டாளான்னா இல்ல. ரெண்டு பக்கமும் பேசினாத்தானே அது போன் கால்? இது ஒரு பக்கத்துக்கு மட்டும் லைன் கொடுக்கற வேலை."

"அப்புறம் ஏன் மாமி தினம் இதையே படிக்கிறீங்க?"

"நம்மவா நடத்தறது. கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். பெருமாள் விஷயம் சுத்தமா இருக்கு, அது போறும்."

அந்தச் சுத்தத்துக்கும் இவர்தான் காரணம். ஆரம்பத்தில் அந்தத் தளத்தில் கோயில் நேரமெல்லாம் தப்பும் தவறுமாக வந்துகொண்டிருந்தது. இவர் அதன் ஆசிரியருக்குப் போன் போட்டுத் திருத்தினார். அவர் ரொம்ப மரியாதையான மனிதர். "அடியேன் இப்பவே மாத்திடறேன் மாமி" என்பார், பத்து நிமிஷத்தில் மாறிவிடும். அப்புறம் அவரே போடுவதற்கு முன் மாமியைக் கேட்க ஆரம்பித்தார். மாமி யாரைக் கேட்பார் என்றால், கோயில் ஆபீஸை இல்லை, மேளக்காரரை. "பெருமாள் எத்தனை மணிக்குக் கிளம்பறார்ங்கறது ஆபீஸுக்குத் தெரியாது, மேளக்காரருக்குத்தான் தெரியும். அவர்தானே முன்னாடி வந்து நிக்கணும்" என்பார். சம்பளம் கிடையாது, பெயர் போடுவதும் கிடையாது. பெருமாள் கைங்கரியம் என்று செய்தார். தெருவில் யாராவது அந்தத் தளத்தைச் சந்தேகப்பட்டால், "நம்ம மாமி பாத்துக் கொடுக்கிறதுங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அதில்தான் ஒருநாள் அந்தப் படம் வந்தது.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் காதர் பாய் என்று ஒரு தையல்காரர். கோயில் பந்தலிலும் தேரிலும் பல வண்ணத் துணியில் குழாய்போலத் தொங்குமே, தொம்பை, அதைத் தைக்கிறவர். அவர் கடைக்குள் ஒரு பச்சைத் துணி மூட்டை கிடப்பதுபோல் படம். மேலே தலைப்பு: 'தர்காவில் போர்த்திய துணி பெருமாள் பந்தலிலா?' கீழே பக்தர்கள் வேதனை, பக்தர்கள் கொந்தளிப்பு. பாயின் பெயர் இல்லை. ஆனால் அந்தச் சந்தில் தொம்பை தைக்கிறவர் அவர் ஒருத்தர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் அதைப் பார்த்தேன். எங்கள் தெருக்காரர்கள் குரூப்பில் போட்டேன். சும்மாவும் போடவில்லை, 'இதையெல்லாம் கேட்பாரே இல்லையா' என்று ஒரு வரி சேர்த்துப் போட்டேன். கட்டைவிரலை உயர்த்தி எத்தனையோ பேர் வந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று நாள் கழித்து மாமி வந்தார். அந்தப் பக்கத்தைத்தான் பிரிண்ட் கேட்டார். ஓரத்தில் எழுதினார். படத்தில் இருக்கும் பச்சைத் துணிக்குப் பக்கத்தில் பா. தர்கா என்ற இடத்தில் நி. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"குரூப்ல நீ போட்டிருந்தியே. நீ பாத்தியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எங்க மாமி பாக்குறது? அந்தச் சைட்ல போட்டிருக்காங்க. நீங்கதான அது சரியா இருக்கும்னு சொன்னீங்க? ஊர்ல எல்லாரும் அத நம்புறதே நீங்க பாத்துக் கொடுக்கிறதாலதான."

கோபத்தில் சொன்னது. ஆனால் அவர் அதைத் திருப்பிச் சொன்னார். "நான் பாத்துக் கொடுக்கறதாலதான் எல்லாரும் நம்பறா. சரியா?"

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். "கடையைச் சாத்து. போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனோம். இறங்கி, ஜவுளிக்கடைக் கூட்டத்துக்குள் புகுந்து, கேட்டுக் கேட்டுச் சந்தைக் கண்டுபிடித்தோம். காதர் பாய் மிஷினுக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். மாமியின் நெற்றியையும் ஒன்பது கஜப் புடவையையும் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார்.

மாமி சுற்றிவளைக்கவில்லை. "அந்தப் பச்சைத் துணி எங்கேந்து வந்தது?"

பாய் தகர டப்பாவைத் திறந்து ஒரு ஜவுளிக்கடை பில்லை எடுத்துக் கொடுத்தார். கிளிப்பச்சைத் துணி, புதுசு, ஒரு கோயிலின் பெயரில் வாங்கியது. எங்கள் பக்கத்துச் சின்னக் கோயில்தான். உபயதாரரே வாங்கி இங்கே இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

"எங்க அத்தா காலத்துலேந்து கோயிலுக்குத் தைக்கிறோம்மா" என்றார் பாய். "அந்த வேலைன்னா மிஷின்ல உக்காரும்போது செருப்புப் போடமாட்டோம். வீட்லயும் அன்னிக்குக் கறி ஆக்கமாட்டாங்க. யாரும் சொல்லிச் செய்யலம்மா, நாங்களா செய்யிறது. இப்ப கோயில்லேந்து போன் பண்ணி, இந்த வருசம் வேற எடத்துல பாத்துக்குறோம்னுட்டாங்க. பக்கத்து ஊரு ரெண்டு கோயிலும் அதேதான் சொல்லுது."

"உங்கள்ட்ட அந்தப் பேப்பர்காரா யாரானும் வந்து கேட்டாளா?"

"ஒருத்தரும் வரல. போட்டோ எடுத்த பையன் வெலை விசாரிக்கிற மாதிரி வந்துட்டுப் போனான்."

"பில்லு இருக்கே, கோயில்ல காட்டினேளா?"

"காட்டினேன். எங்களுக்குத் தெரியும் பாய், ஆனா ஜனங்க பேசுதேங்குறாங்க. நான் போயி எத்தன பேருட்ட பில்லைக் காட்டுறது சொல்லுங்க."

அவர் மனைவி உள்ளிருந்து இரண்டு டீ கொண்டுவந்தார். நான் குடித்தேன். மாமி வாங்கிக்கொண்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குடிக்கவும் இல்லை. பேசி முடிக்கும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருந்து, ஆறி ஏடு கட்டிய பிறகு மெதுவாக மேஜையில் வைத்தார். பாய் அதைப் பார்த்தார், பார்க்காததுபோல் இருந்துவிட்டார். பில்லுக்கு என் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பஸ் திருவானைக்காவல் வரும்போது மாமி என் போனை வாங்கி அந்தப் பில்லை இன்னொரு தடவை படித்தார். அப்புறம், "குரூப்ல போட்டுடு. மாமி நேர்ல போய்ப் பாத்தா, அது பொய்னு போடு" என்றார்.

"போடுறேன் மாமி" என்றேன்.

போடவில்லை. நானே பரப்பிவிட்டு நானே இல்லை என்று எப்படிப் போடுவது என்று கூச்சம். நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் மாமி என் கடையிலிருந்து ஆசிரியருக்குப் போன் போட்டார். மாமி எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார், ஒரு காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது. பில்லைப் பற்றிச் சொன்னார். அந்தப் பக்கத்தில் அதே மரியாதையான குரல்.

"நாம யார் பேரையும் சொல்லலையே மாமி. கேள்வியாத்தானே போட்டிருக்கோம்."

"கேள்வியாப் போட்டாலும் ஜனங்க பதிலாத்தானே எடுத்துண்டிருக்கா. நான் நேர்ல பாத்துட்டு வந்துட்டேன். தப்புன்னு போட்டுடுங்கோ."

"பாக்கறேன் மாமி."

"புறப்பாடு நேரம் தப்புன்னா பத்து நிமிஷத்துல மாத்தறேள்."

"அது பெருமாள் விஷயம் மாமி."

"இது யார் விஷயம்?"

ஆசிரியர் சிரித்தார். வேறு ஏதோ போன் வருகிறது என்று வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் மாமி தினமும் வந்து அந்தப் பழைய பக்கத்தையே பிரிண்ட் எடுக்கச் சொன்னார். மாறியிருக்கிறதா என்று பார்க்க. நேற்று எடுத்ததையும் இன்று எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்ப்பார். ஒரு புள்ளிகூட மாறவில்லை. "போன்லயே பாத்துக்கலாமே மாமி" என்றால் கேட்கமாட்டார். அந்தத் தாள்கள் என் கடை அலமாரியில் ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பாயைப் பற்றிச் சொன்னார். "அப்படியா மாமி" என்று கேட்டுக்கொள்வார்கள். அவர் சொன்னால் நம்புகிறவர்கள்தான், ஆனால் அந்தத் தளத்தையும் நம்புகிறவர்கள். இரண்டையும் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பேச்சை மாற்றிவிடுவார்கள். மாமி மெலிந்து போனார். ஒருநாள் சம்பந்தமே இல்லாமல், "அந்த டீயைக் குடிச்சிருக்கலாம்டி" என்றார்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம்.

அந்தச் சின்னக் கோயில் பெருமாள் வருஷத்தில் ஒருநாள் கொள்ளிடக் கரை மண்டபத்துக்கு எழுந்தருள்வார். அந்த ஒருநாளுக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வரும். அதற்கு இரண்டு நாள் முன்னால், மின்வாரியத்தில் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. மிஷின் ஓடவில்லை, ஃபேன் ஓடவில்லை, தெருவே அடங்கிக் கிடந்தது. மாமி ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். ஆசிரியர் எப்போதும்போல் போன் செய்தார். நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல், "மாமி, மண்டபப் புறப்பாடு எத்தனை மணின்னு பாத்துச் சொல்றேளா?"

மாமி மேளக்காரருக்கு அடித்தார். அவர் குரல் கடை முழுக்கக் கேட்டது. "காலைல அஞ்சரைக்கு வந்து நிக்கச் சொல்லிருக்காங்கம்மா. ஆறரைக்கு மண்டபத்துல இருப்பாரு. வெயிலுக்கு முன்னாடி, எட்டு மணிக்குள்ள திரும்பிடுவாரு."

"ஆறரைக்கு மண்டபம், எட்டுக்குள்ள திரும்பறது, சரியா?"

"சரிங்கம்மா."

அப்புறம் ஆசிரியரைக் கூப்பிட்டார். "ஒம்போதரைக்கு மண்டபம்" என்றார். வைத்துவிட்டார்.

நான் அவரையே பார்த்தேன். "மாமி, அவரு ஆறரைன்னாரு."

"ஆறரைன்னுதான் சொன்னார்."

"அப்புறம்?"

"இதுல தப்பு வந்தாத்தான் ஜனங்களுக்குச் சந்தேகம் வரும். இதுல சந்தேகம் வந்தாத்தான் அதுலயும் வரும்." விசிறியைக் கீழே வைத்தார். "எனக்கு வேற வழி தெரியலடி."

அன்றைக்கு நான் அவரைத் தடுத்திருக்கலாம். மறுபடி போன் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் ஒரு பொய் சொன்னதைப் பார்த்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது. பதினாறு வருஷம் என்னைக் கேள்வி கேட்டவர் ஆயிற்றே.

புறப்பாட்டு அன்று காலை எட்டரைக்கு மாமியும் நானும் கரைக்குப் போனோம். மண்டபத்தில் யாரும் இல்லை. தரை ஈரமாக இருந்தது, துளசியும் பூவும் மிதிபட்டுக் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் ஜனம் வர ஆரம்பித்தது. வந்தவர்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் கேட்டார்கள். கடைசியில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. காட்டூரிலிருந்து ஒரு அம்மா, கூட அவர் கணவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த மனிதர். டிரைவரும் அந்த அம்மாவுமாகத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். வேட்டி புதுசு. வெற்று மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு அவர் ஏதோ சொன்னார், வாய் கோணியதால் எங்களுக்குப் புரியவில்லை.

"ஒம்போதரைன்னுதானங்க போட்டிருந்தாங்க" என்று அந்த அம்மா மாமியிடமே வந்து கேட்டார். "இத ஒண்ணுதான் கேட்டாருங்க, இந்த வருசம் பாத்துடணும்னு. அடுத்த வருசத்துக்கு யாரு கண்டா?"

மாமி கையைக் கூப்பினார். "நான்தான் தப்பான நேரத்தக் கொடுத்தேன். தெரிஞ்சே கொடுத்தேன்."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று, "பரவால்லங்க, விடுங்க" என்றுவிட்டுக் கணவரைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றப் போய்விட்டார். மாமி வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

கடைக்கு வந்து சேர்வதற்குள் தளத்தில் போட்டுவிட்டார்கள். 'இன்றைய புறப்பாட்டு நேரம் தவறாக வெளியானதற்கு மனமார வருந்துகிறோம். தகவல் தந்தவர் முதிய பக்தை. அவர்மீது குறை சொல்ல விரும்பவில்லை. பொறுப்பு எங்களுடையதே.' அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் ஜனங்கள் எழுதியிருந்தார்கள். தவறை ஒத்துக்கொள்ளும் ஒரே தளம். இதுதான் நேர்மை. இதனால்தான் உங்களை நம்புகிறோம்.

மாமி அதைப் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். பென்சிலை எடுத்தார். எந்த எழுத்தும் போடாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

முதிய பக்தை யாரென்று தெருவுக்குத் தெரியாதா என்ன. ஒரே வாரத்தில் மாமிக்கு மறதி வந்துவிட்டது என்றாகிவிட்டது. அவர் பாயைப் பற்றிப் பேச்செடுத்தால், "சரி மாமி, சரி மாமி" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்கள். "மறதி இல்ல, தெரிஞ்சுதான் சொன்னேன்" என்று அவர் சொல்லச் சொல்ல இன்னும் பரிதாபப்பட்டார்கள். யாரோ பெங்களூருக்குச் சொல்லிவிட்டார்கள். மகள் வந்தாள்.

நல்ல பெண். அம்மாவைக் கையைப் பிடித்துக் கடைக்கே அழைத்து வந்தாள்.

"செல்விக்கா, அன்னிக்கு அம்மா உங்க கடையிலேந்துதான் போன் பண்ணினாளாம். மேளக்காரர் ஆறரைன்னார், நான் வேணும்னே ஒம்போதரைன்னேன், செல்வி பக்கத்துலயே இருந்தாங்கறா. நீங்க கேட்டேளா?"

மாமி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடையில் வேறு இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். எல்லாம் குரூப்பில் இருப்பவர்கள். தெரிந்திருந்தும் பார்த்துக்கொண்டிருந்தாயா என்று கேட்பார்கள். காட்டூர் அம்மா முகம் ஞாபகம் வந்தது. மறதி என்று போனால் மாமிக்கும் கெட்ட பெயர் இல்லையே என்றும் ஒரு நினைப்பு. எல்லாம் ஒரு நொடிதான்.

"மிஷின் ஓடிட்டிருந்துச்சு பாப்பா" என்றேன். "அந்தச் சத்தத்துல எனக்குச் சரியா காதுல விழல."

மாமி கோபப்படவில்லை. ரொம்பச் சின்னக் குரலில், "அன்னிக்குக் கரண்ட் இல்லையே, செல்வி" என்றார்.

நான் தலையைக் குனிந்து தாளை அடுக்கினேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தேளா, இப்படித்தான் ஏதாவது சொல்றா" என்றாள். அந்த வாரமே பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். கிளம்புகிற அன்று மாமி கடைப் பக்கம் வரவில்லை. எதிர் வரிசையில் கார் நின்றது, ஏறினார், நான் உள்ளேயே இருந்தேன்.

அன்றைக்குக் கரண்ட் இல்லை. எனக்கு எல்லாம் கேட்டது. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அங்கே மாமிக்கு டாக்டர் மாத்திரை கொடுக்கிறார், மாமி நாளெல்லாம் தூங்குகிறார் என்கிறார்கள். யார் பார்த்தார்கள் என்று தெரியாது. பாயைப் பற்றிய அந்தப் பக்கம் இன்னமும் தளத்தில் அப்படியே இருக்கிறது. புறப்பாட்டு நேரங்களும் சரியாகத்தான் வருகின்றன, மேளக்காரரை அவர்களே கேட்கப் பழகிவிட்டார்கள் போல.

போன மாதம் பேப்பர் பண்டல் வாங்க மலைக்கோட்டைப் பக்கம் போனபோது கால் தானாக அந்தச் சந்துக்குள் போய்விட்டது. காதர் பாய் வேன் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார். செருப்புப் போட்டிருந்தார். அடையாளம் தெரிந்துகொண்டு உட்காரச் சொன்னார்.

"அந்தம்மா எப்படி இருக்காங்க? எனக்காக அங்கயும் இங்கயும் அவங்க ஒருத்தங்கதான் பேசுனாங்க. அவங்களுக்கு மறதின்னு சொல்றாங்களே. அன்னிக்கு அவ்வளவு தெளிவாப் பேசுனாங்களேம்மா. நெசந்தானா?"

மிஷினை நிறுத்திவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார். கடையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

"அப்படித்தான் சொல்றாங்க" என்றேன்.

உள்ளிருந்து டீ வந்தது. ஆறுவதற்குள் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.